இலைக்கு அடியில் பாருங்கள்

ஐப்பசியில் ரெண்டு மழை விழுந்தால் போதும், செல்லூர்க் கண்மாய்க் கரையிலும் தெருவோரச் சுவர் இடுக்கிலும் கீழாநெல்லி தானாக முளைத்துவிடும். மஞ்சள் காமாலை என்றால் அதைப் பிடுங்கி அரைத்து மோரில் கலந்து குடிப்பது மதுரைப் பக்கம் இன்றும் உண்டு. பிடுங்கியது கீழாநெல்லிதானா என்று பலர் பார்ப்பதில்லை.

பார்க்கத்தான் வேண்டும். அதே சாயலில் வேறு சில செடிகளும் பக்கத்திலேயே வளர்கின்றன. ஒரு கிளையை எடுத்துத் திருப்பிப் பிடியுங்கள். புளிய இலை மாதிரித் தெரிந்தாலும் அது கூட்டிலை அல்ல. மெல்லிய குச்சியின் இருபுறமும் அடுக்கிய தனித்தனி இலைகள். அதனால்தான் ஒவ்வோர் இலைக்கும் அடியில் பூவோ காயோ இருக்கிறது. காய் வழவழப்பாகச் சிறு காம்பில் தொங்க வேண்டும். காம்பில்லாமல் குச்சியோடு ஒட்டி, சொரசொரப்பாக இருந்தால் அது சிவப்புத் தண்டுள்ள வேறு இனம். இலைகள் தண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் இருந்தால் மேலாநெல்லி. கடைசிச் சோதனைக்கு லென்ஸ் வேண்டும்: கீழாநெல்லிப் பூவுக்கு இதழ் ஐந்து, ஆறு இருந்தால் அதன் பங்காளி.

இந்த நுணுக்கம் வீண் வேலையல்ல. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் மற்றவர்களும் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். பிற்பாடு வேறு நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடியின் இனமும் விளைந்த மண்ணும் மாறியதா என்ற கேள்வி எழுந்தது. ஆகவே காமாலை கண்டால் முதலில் ரத்தப் பரிசோதனை, மருத்துவர். பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் கண் மஞ்சளாகும்; அதற்குக் கீழாநெல்லி உதவாது.

சாக்கடை நீர் கலந்த கரையில் முளைத்ததைத் தொட வேண்டாம். செல்லூரின் நெருக்கத்தில் தோட்டம் ஏது? மொட்டை மாடியில் ஒரு தொட்டி போதும். செம்மண், மணல், மக்கிய சாணம், பாதி நிழல். விதை ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். மண்மேல் தூவிவிட்டு, மூடாமல், தண்ணீரைத் தெளியுங்கள். ஊற்றினால் விதை ஓடிவிடும். மூன்று மாதத்தில் பறிக்கலாம். காய் முற்றினால் வெடித்து விதை சிதறும் என்பதால், விதைக்கு விட்ட செடியை அதற்கு முன்பே பிடுங்கிக் காகிதப் பையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள்.