கொப்பியைத் திறக்காத பிள்ளை

சிலாபத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. மகனுக்குப் பதினான்கு வயது, ஓட்டிசம் உள்ளவன். பின்னேரம் நாலு மணிக்குக் கணக்குக் கொப்பியை முன்னால் வைத்தால் ஆறு மணிவரை அது மூடியபடியே கிடக்கும். தாய் முதலில் கெஞ்சினார், பிறகு ஏசினார், ஒருநாள் அடித்தும் விட்டார். அதற்குப் பிறகு ஒரு கிழமை அவன் அந்த மேசைப் பக்கமே வரவில்லை.

அதே பிள்ளை, கோச்சிப் பாதையில் ராகம வரை உள்ள ஸ்டேஷன்களை மூச்சு விடாமல் சொல்வான்: மாதம்பை, நாத்தாண்டியா, லுணுவில, நீர்கொழும்பு, சீதுவை, ஜா-எல, கந்தானை. இவ்வளவு ஞாபகம் உள்ளவன் படிப்பென்றால் மட்டும் நழுவுகிறானே, சோம்பல்தானே என்று உறவினர் கேட்பார்கள். சோம்பல் இல்லை. எங்கே தொடங்குவது, அடுத்தது என்ன, எப்போது முடியும் என்று மனதுக்குள் ஒழுங்குபடுத்துவதே ஓட்டிசம் உள்ள பலருக்குப் பெரும்பாடு. அதோடு, பகல் முழுதும் வகுப்பு இரைச்சலைத் தாங்கிவிட்டு வருகிறான். அந்த நேரத்தில் "போய்ப் படி" என்றால் அவன் எதைப் பிடித்துத் தொடங்குவான்?

அந்தத் தாய் சில நாள் கொப்பியையே எடுத்து வைத்துவிட்டார். பிறகு ஒரு துண்டில் நாலு வரி எழுதினார்: தேத்தண்ணி, ஒரு கணக்கு, கோச்சி பார்க்கப் போவது, குளிப்பு. முடிந்ததை மகனே பேனையால் வெட்டுவான். கணக்கும் கோச்சிக் கணக்குத்தான். இத்தனை மணிக்குப் புறப்பட்டது இத்தனை மணிக்கு வந்தால் பயணம் எவ்வளவு நேரம்? முதல் வரியைத் தாய் எழுத, மிச்சத்தை அவன் எழுதினான். "கெட்டிக்காரன், இன்னும் ஒன்று செய்" என்று அவர் கேட்கவில்லை. சொன்ன அளவோடு நிறுத்தியதால்தான் மறுநாளும் அவன் அந்தத் துண்டை நம்பினான். ஒன்று மூன்றாக இரண்டு மாதம் சென்றது.

நேற்றுவரை செய்தவன் திடீரென்று கைவிட்டால் வற்புறுத்த வேண்டாம், காரணத்தைத் தேடுங்கள். பள்ளியில் யாராவது கேலி செய்கிறார்களா, அடிக்கிறார்களா, நித்திரை கெட்டிருக்கிறதா? ஓட்டிசம் உள்ள சிலருக்குப் பதின்ம வயதில் வலிப்பும் தொடங்கும். சில விநாடி வெறித்தபடி உறைந்து போனால் சிலாபம் மாவட்டப் பொது வைத்தியசாலையில் காட்டுங்கள். ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்து, இப்படியான பிள்ளைகளுக்கென்று அயதி நிலையமும் இருக்கிறது. நம் கோச்சிப் பாதையிலேயே. ஓட்டிசத்தை அடியோடு குணமாக்கும் மருந்து எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள்.

"இவனை எங்களால் வைத்திருக்க முடியாது" என்ற சொல்லைப் பள்ளியில் கேட்டுத் தலை குனிந்து திரும்பிய பெற்றோரைக் கண்டிருக்கிறேன். மனது கொதிக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதைத் தடுக்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதி செய்திருக்கிறது. ஆகவே அதிபரிடம் வாய்ப்பேச்சோடு விடாமல் கடிதம் கொடுங்கள், பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். அங்கே சரிவராவிட்டால் சிலாபம் வலயக் கல்விப் பணிமனை.

அடியும் அப்படித்தான். மாணவனின் காது கேட்கும் திறனைப் பாதித்த ஓர் ஆசிரியரின் அறை, அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. பள்ளியில் பிள்ளைக்கு அடி விழுந்தால் உடனே வைத்தியரிடம் காட்டிக் காயத்தைப் பதியுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை 1929 என்ற எண்ணில் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதமே தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் தவணையில் சேராது. "பிறகு பார்ப்போம்" என்று விட்டுத்தான் பலர் இந்த வழியை இழக்கிறார்கள்.

சாதாரண தரப் பரீட்சைக்கும் சலுகை உண்டு. தேவையைப் பொறுத்து மேலதிக நேரம் போன்றவற்றைப் பரீட்சைத் திணைக்களத்திடம் கேட்கலாம். மருத்துவ அறிக்கை தேவைப்படும், அதை எடுக்க மாதங்கள் செல்லும். பிள்ளை ஒன்பதாம் பத்தாம் ஆண்டில் இருக்கும்போதே கிளினிக் கொப்பியைத் திறந்துவிடுங்கள்.