நீச்சல் குளக்கரையில் கல் பதிக்கலாம், வாருங்கள்!

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்)



சிவில் பிரிவில் சேர்ந்த நாளிலிருந்து அணை, பாலம், அடுக்குமாடி என்றுதான் நாம் கனவு காண்கிறோம். தரையில் கல் பதிப்பதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று நீங்கள் சிரிக்கலாம். போன வருஷம் மே மாதம் வரை நானும் சிரித்தவன்தான். அந்த விடுமுறையில் பயிற்சிக்காகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு தங்கும் விடுதிக்குப் போனேன். அங்கே நீச்சல் குளத்தைச் சுற்றியிருந்த பழைய கான்கிரீட் தளத்தின் மேல் பேவர் பிளாக் பதிக்கும் வேலை. ஒரு மாதத்தில் நான் கற்றதையும், செய்த ஒரு தப்பையும் மறைக்காமல் எழுதுகிறேன். நாளைக்கு சைட்டுக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு உதவும்.

ஏன் உடைக்கவில்லை?

பழைய கான்கிரீட் கறுத்துப்போய், வெயிலில் கால் வைக்க முடியாமல், ஈரத்தில் வழுக்கியது. "உடைத்துவிட்டுப் புதுசாகப் போட்டால் என்ன?" என்று முதல் நாளே கேட்டேன். மேஸ்திரி சிரித்தார். "தம்பி, குளத்துச் சுவர் பக்கத்துல பிரேக்கர் வெச்சா அதிர்ச்சி சுவருக்குப் போகும். அடியில பைப்பு போகுது, லைட்டு ஒயரு போகுது. நல்ல கான்கிரீட்ட எதுக்கு உடைக்கணும்?" என்றார். நல்ல கான்கிரீட் என்பதுதான் இங்கே நிபந்தனை. ஆகவே முதல் வேலை அதைச் சோதிப்பது.

சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்று கேட்டால் சரி; பொள்ளென்று கேட்டால் உள்ளே பிடிப்பு இல்லை, அந்த இடத்தை வெட்டி எடுத்துச் சரி செய்ய வேண்டும். மயிரிழை விரிசலுக்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் விரிசலின் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கியிருந்தால் அடிமண் அசைகிறது என்று அர்த்தம். அதன் மேல் எந்தக் கல்லைப் பதித்தாலும் கல்லும் சேர்ந்து அசையும்.

உயரக் கணக்கு

இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, கலவை அல்லது ஒட்டும் பசையில் மெல்லிய கல்லை ஒட்டுவது. உயரம் குறைவாகத்தான் கிடைக்கும் என்ற இடத்தில் இது நல்லது. ஆனால் அடியில் கான்கிரீட்டில் ஜாயின்ட் எங்கே இருக்கிறதோ, மேலே கல்லிலும் அதே இடத்தில் ஜாயின்ட் விட்டாக வேண்டும். மூடி மறைத்தால் அது விரிசலாக வெளியே வந்துவிடும்.

இரண்டாவது, மணல் படுகையில் பதிப்பது. நாங்கள் செய்தது இதுதான். ஐ.எஸ். 15658 தர விதிப்படி வண்டி போகாத இடத்துக்கு 50 மி.மீ. கனமுள்ள எம்-30 பிளாக் போதும். அடியில் மணல் 25 மி.மீ. ஆக மொத்தம் 75 மி.மீ. தளம் உயர்கிறது. இந்த முக்கால் சாண்கூட இல்லாத உயரம் என்னென்ன செய்யும் தெரியுமா? கதவு திறக்காது, படிக்கட்டின் முதல் படி குட்டையாகிவிடும், குளத்து வடிகட்டித் தொட்டியின் மூடி பள்ளத்தில் போய்விடும், குளத்தின் ஓரக்கல் கீழே தங்கிவிடும். ஆகவே கல்லுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே இந்த நான்கையும் அளந்து பேப்பரில் எழுதிவிட வேண்டும். எங்கள் சைட்டில் ஓரக்கல்லையும் உயர்த்தி மறுபடி பதித்த பிறகுதான் மற்ற வேலையைத் தொட்டோம்.

வாட்டம்தான் உயிர்

குளத்திலிருந்து வெளிப்பக்கமாக 50-க்கு 1 வாட்டம் வேண்டும். அதாவது மீட்டருக்கு 20 மி.மீ. மூன்று மீட்டர் அகலத் தளத்துக்கு 60 மி.மீ. இறக்கம். மழைத் தண்ணீரும் ஆட்கள் மேல் வழியும் தண்ணீரும் குளத்துக்குள் திரும்பாமல் வெளி வாய்க்காலுக்குப் போக வேண்டும்.

இங்கேதான் ஒரு ரகசியம். கல்லுக்கு இடையில் இருக்கும் சந்து வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். மண்மேல் பதித்த கல்லாக இருந்தால் மண் குடித்துவிடும். கான்கிரீட் குடிக்காது! அந்தத் தண்ணீர் மணலுக்கு அடியில் கான்கிரீட்டின் மேல் ஓடும். எனவே வாட்டம் மேலே கல்லில் இருந்தால் மட்டும் போதாது. அடியில் கான்கிரீட்டிலும் இருக்க வேண்டும். மணலைக் கூட்டிக் குறைத்து வாட்டம் உண்டாக்கக் கூடாது.

நான் செய்த தப்பு

எனக்குக் கொடுத்த வேலை லெவல் பார்ப்பது. மூன்று மீட்டருக்கு ஒரு புள்ளி. பாதிப் புள்ளிகளை ஒழுங்காக அளந்தேன். மே மாத வெயில். மீதியைக் கண்ணால் பார்த்து 'சரி' என்று டிக் போட்டேன்.

குளியல் ஷவர் பக்கம் கான்கிரீட்டில் 40 மி.மீ. பள்ளம் இருந்தது. மேஸ்திரி கண்டுபிடித்துவிட்டார். "தம்பி, இங்க மொதல்ல கலவை போட்டுத் தூக்கிட்டு அப்புறம் மணலப் போடுவோம். இல்லேன்னா தண்ணி இங்கயே குடித்தனம் பண்ணும்" என்றார். ஒப்பந்தக்காரரின் ஆளோ, "மணலப் போட்டு நிரப்புங்க, மேல மட்டமாத் தெரிஞ்சா போதும். ஷீட்டுல சரின்னு இருக்குல்ல?" என்றார். ஷீட் என் கையில்தான் இருந்தது. அந்தப் புள்ளியை நான் அளக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேசாமல் நின்றேன்.

மற்ற இடத்தில் 25 மி.மீ. மணல், அங்கே 65 மி.மீ. பதித்து முடித்த அன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. நவம்பரில் மழை பிடித்தது. பள்ளம் ஒரு கிண்ணம் மாதிரி தண்ணீரைத் தேக்கியது. கனமான மணல் அதிகமாக அமுங்கியது. பத்தில் ஒரு பங்கு அமுங்கினால் மற்ற இடம் 2.5 மி.மீ. இறங்கும், இந்த இடம் 6.5 மி.மீ. இறங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அதோடு, ஆள் மிதிக்க மிதிக்க ஊறிய மணல் கலங்கி, கான்கிரீட் விரிசல் வழியாகக் கரைந்து போனது. கல் மேலும் இறங்கி, மேலே தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்தது.

காலையில் தளம் கூட்ட வந்த ஓர் அக்கா அதில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். தினக்கூலிக்காரர். ஆறு வாரம் மாவுக்கட்டு. வைத்தியச் செலவைக் கொடுத்தார்கள். ஆறு வாரக் கூலியை யாரும் கொடுக்கவில்லை. மேஸ்திரி போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்குப் போய், லெவல் பார்த்தவன் நான்தான் என்று சொன்னேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, "தண்ணி நின்ன எடத்துல நான் கால வெச்சேன். நீ என்னப்பா பண்ணுவ, சாப்டியா?" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திருத்திய விதம்

மணல் படுகையில் ஒரு நன்மை, கல்லை உடைக்காமல் எடுத்து அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். மேஸ்திரியோடு மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தேன். வரிசையாகச் சொல்கிறேன்:

1. பள்ளத்தைக் கொத்திவிட்டு, கழுவி, பிடிப்புப் பால் பூசி, சிறு ஜல்லிக் கான்கிரீட் போட்டு வாட்டத்துக்குக் கொண்டுவந்தோம்.

2. மணல் போடுமுன் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். நிற்கும் இடத்தைச் சாக்பீசால் வட்டம் போடு, திருத்து, மறுபடி ஊற்று. இதைவிட நேர்மையான கருவி எந்த லேபிலும் இல்லை.

3. தாழ்ந்த புள்ளிகளில் கான்கிரீட்டைத் துளைத்து 50 மி.மீ. விட்டத்தில் வடிதுளை போட்டோம். பைப், ஒயர் வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் மிஷினை வைக்க வேண்டும். குளத்துச் சுவரை ஒட்டித் துளைக்கவே கூடாது. துளையில் கழுவிய சிறு ஜல்லியை நிரப்பினோம். அங்கே அடியில் கடற்கரை மணல், தண்ணீரை வாங்கிக்கொள்ளும். களிமண்ணாக இருந்தால் துளை பயன்படாது. வாய்க்காலுக்குத்தான் வழி விட வேண்டும்.

4. துளைகள், விரிசல்கள் மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, ஓரங்களில் மேலே மடித்துவிட்டோம். தண்ணீர் போகும், மணல் போகாது.

5. 25 மி.மீ. குழாய் இரண்டை வைத்து, கழுவிய பருமணலை மட்டப்பலகையால் இழுத்தோம். கிரஷர் தூள் கூடாது. அதிலுள்ள மாவு தண்ணீரில் சேறாகிவிடும். இழுத்த மணலை மிதிக்கக் கூடாது.

6. கல்லுக்குக் கல் 2 முதல் 4 மி.மீ. சந்து. வெளி ஓரத்தில் அசையாத கரை கட்டியாக வேண்டும். இல்லையென்றால் வரிசை மெல்ல விலகும். ரப்பர் விரிப்பு மாட்டிய அதிர்வு மிஷினை ஓட்டி, உலர்ந்த மெல்லிய மணலைக் கூட்டிச் சந்தை நிரப்பினோம்.

குளத்துக்கும் தளத்துக்கும் நடுவே

கடைசியாக ஒன்று. 12 மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி சூடு ஏறினால் எவ்வளவு நீளும்? கான்கிரீட்டுக்கு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் பத்து பங்கு என்று கொண்டால் 3.6 மி.மீ. இவ்வளவுதானா என்று தோன்றும். இடம் விடவில்லை என்றால் இந்த 3.6 மி.மீ. ஓரக்கல்லைத் தள்ளிப் பெயர்த்துவிடும். ஆகவே ஓரக்கல்லுக்கும் தளத்துக்கும் இடையே 10 முதல் 12 மி.மீ. சந்து விட்டு, ஃபோம் கயிறு திணித்து, மேலே ரப்பர் போல் நெளியும் சீலன்ட் பூச வேண்டும். அழகுக்காக சிமென்ட் வைத்துப் பூசிவிடும் பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

கல்லின் மேல்பரப்பு சொரசொரப்பாகவும், நிறம் வெளிறியும் இருக்கட்டும். வெறுங்காலோடு நடக்கும் குழந்தைகளின் பாதம் பிழைக்கும்.

நண்பர்களே, மூன்றாவது ஞாயிறு வேலை முடிந்து ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றினோம். கலகலவென்று வாய்க்காலுக்கு ஓடியது. கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பியிருந்த அந்த அக்கா துடைப்பத்தோடு நின்று பார்த்தார். "இப்ப ஓடுதுப்பா" என்று மட்டும் சொன்னார்.

நீங்கள் சைட்டுக்குப் போகும்போது லெவல் ஷீட்டில் டிக் போடாதீர்கள். அளந்த எண்ணை எழுதுங்கள். அளக்காத இடத்தில் 'அளக்கவில்லை' என்று எழுதுங்கள். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையை நான் எழுதியிருந்தால் ஒருவரின் கை தப்பியிருக்கும்.