சவேரியார் என்றால் ‘புதுவீடு’! தெரியுமா?

தூத்துக்குடியில் பஸ் ஏறிச் சாயர்புரத்தில் இறங்குவதற்குள் சேவியர், சவேரியார், சவேரியம்மாள் என்று எத்தனை பேர் காதில் விழுகிறது! அந்தப் பெயர் எந்த மொழி? போர்ச்சுகீசியமா? இல்லை. லத்தீனா? இல்லவே இல்லை. பாஸ்க்!

பாஸ்க்கா, அது எங்கே?

ஸ்பெயினும் பிரான்சும் சந்திக்கும் பிரனீஸ் மலைப் பக்கம். சுற்றிலும் லத்தீன் வழி வந்த மொழிகள். நடுவே பாஸ்க் மட்டும் தனிக்கட்டை. உலகத்தில் அதற்கு அண்ணன் தம்பி என்று சொல்ல ஒரு மொழி கிடையாது!

பெயருக்குள் ஒரு வீடு!

பாஸ்க்கில் ‘எச்சே’ என்றால் வீடு, ‘பெர்ரி’ என்றால் புதிது. இந்த ‘எச்சேபெர்ரி’ தேய்ந்துதான் ஹாவியர் என்ற கோட்டையின் பெயரானது. 1506-ல் அங்கே பிறந்தவர்தான் நம் சவேரியார்! இன்னும் கேளுங்கள்: ‘எச்சேயான்’ என்றால் வீட்டில், ‘எச்சேத்திக்’ என்றால் வீட்டிலிருந்து. சொல்லின் வாலில் உருபை ஒட்டுவது நம் வழக்கம்போலவே இல்லை? ஆனால் இரண்டு மொழிக்கும் உறவு எதுவும் இல்லை!

பேச்சே புரியவில்லை!

1542-ல் தூத்துக்குடிக் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு மறை போதிக்க வந்தார் சவேரியார். பரதவர்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். அவர்கள் பேசுவது தமிழ், தன் தாய்மொழி பாஸ்க், ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்கவில்லை என்று கடிதத்திலேயே எழுதிவிட்டார் மனுஷர்! பிறகு? இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவர்களைக் கூட்டி, ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருவில் இறங்கினார். முதலில் ஓடி வந்தது பிள்ளைகள்தான்!

அங்கே ஆட்டு மந்தை!

சவேரியார் இங்கே வந்ததுபோல, 19-ஆம் நூற்றாண்டில் வேறு பாஸ்க்காரர்கள் அமெரிக்காவுக்கும் கப்பலேறினார்கள். கலிபோர்னியாவில் தங்கம் தேடப் போனவர்கள், பிறகு ஐடஹோ, நெவாடா மலைகளில் கிடை போட்டார்கள். மாதக்கணக்கில் பேச ஆள் கிடையாது. ஆஸ்பென் மரப்பட்டையில் தங்கள் பெயரையும் ஊர்ப் பெயரையும் கீறி வைத்தார்கள். மரம் பருக்கப் பருக்க எழுத்தும் பருத்தது! அப்படி ஓர் ஆட்டிடையரின் மகன் பால் லாக்சால்ட், 1967-ல் நெவாடாவின் ஆளுநராகவே ஆகிவிட்டார்!

இங்கே அச்செழுத்து!

சவேரியாருக்குப் பின்னால் வந்தவர் போர்ச்சுகீசியரான அன்றீக்கு அடிகளார். பொருநை ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயலில் இருந்து தமிழ் கற்றார். 1578-ல் கொல்லத்தில் அச்சேறிய அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ வெறும் 16 பக்கம். ஆனால் இந்திய எழுத்தில் இந்தியாவில் அச்சாகி, இன்று கிடைப்பவற்றில் மிகப் பழைய புத்தகம் அதுதான்!

உங்கள் வீட்டுக்குள்ளும் கப்பல்!

சாவி, ஜன்னல், மேசை, அலமாரி. நான்குமே போர்ச்சுகீசியர் கப்பலில் வந்த சொற்கள்! புதுவீட்டுக்கு வேறென்ன வேண்டும்?

சாயர்புரத்தில் ஒரு கனடாக்காரர்!

கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 1820-ல் பிறந்தவர் ஜி.யு. போப். 1842-ல், 22 வயதில், இந்தத் தேரிக்காட்டுப் பக்கம் வந்து சேர்ந்தார். 1886-ல் திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் தந்தார். சாயர்புரத்தில் 1962-ல் தொடங்கிய கல்லூரிக்கு அவர் பெயர்தான்!

கடைசியாக ஒன்று. புதிதாகக் கிறிஸ்தவரானவர்கள் குடியேற சாமுவேல் சாயர் என்ற வணிகர் வாங்கித் தந்த நிலம்தான் சாயர்புரம். அன்று அங்கே எழுந்த ஓலைக் குடிசைகளை ஒரு பாஸ்க்காரர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

எச்சே பெர்ரி!