தாளும் தவணையும்



காலை ஏழு மணிக்குக் கிள்ளான் ரயில் நிலையத்தில் நின்று பார்த்தால், தோளில் பையும் கையில் கைப்பேசியுமாகக் கோலாலம்பூருக்குப் புறப்படும் மாணவர் கூட்டத்தைக் காணலாம். கே.எல். சென்ட்ரலில் இறங்கி, எல்.ஆர்.டி. ரயிலுக்கு மாறி, மலாயாப் பல்கலைக்கழகம் இருக்கும் பக்கமாகப் போகிறவர்கள் சிலர். மற்றக் கல்லூரிகளுக்குப் போகிறவர்கள் பலர். வேறு சிலர் வெளியூரிலிருந்து வந்து, பிரிக்பீல்ட்ஸில் மூவர் நால்வராக ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கிப் படிக்கிறார்கள். இவர்களில் பலர் தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டப்படிப்பில் காலடி வைத்தவர்கள். பாட்டனும் பாட்டியும் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார்கள். தாயும் தந்தையும் தொழிற்சாலையிலோ கடையிலோ உழைத்தார்கள். பேரப்பிள்ளை பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. குடும்பத்தாருக்குப் பெருமைதான். ஆனால் பல்கலைக்கழகப் படிப்பை எப்படி நடத்திச் செல்வது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லித்தர வீட்டில் எவரும் இல்லை. அதைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றவர். படிப்பில் சோம்பல் இல்லாதவர். முதல் பருவத்தின் பத்தாம் வாரத்தில், மூன்று பாடங்களின் இடுபணிகளை ஒரே வாரத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது அவருக்கு அந்த வாரத்தில்தான் தெரிய வருகிறது. ஒரு தேதியைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார். மற்றொன்று வகுப்பு நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் எங்கோ மேலே புதைந்து கிடந்தது. மூன்றாவது, வெண்பலகையைப் படம் பிடித்த கைப்பேசிப் படத்தில் இருந்தது. இரண்டு இரவு கண்விழித்து எழுதினார். அவசரத்தில் திருத்திய படிக்குப் பதிலாகப் பழைய வரைவை அனுப்பிவிட்டார். பாடம் அவருக்குத் தெரியும். ஆனால் அது புள்ளியாக மாறவில்லை.

இது அறிவின் குறையா? இல்லை. முயற்சியின் குறையா? அதுவும் இல்லை. எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையே இங்குக் குறை. இன்றைய பேச்சின் மையக் கருத்தும் இதுதான்: எதை, எப்பொழுது, எங்கே என்ற மூன்றையும் தலையிலிருந்து இறக்கித் தாளில் வைக்க வேண்டும். தலை சிந்திப்பதற்கு, நினைவூட்டும் வேலையைத் தாள் செய்யட்டும்.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் உள்ள வேற்றுமையை முதலில் உணர வேண்டும். பள்ளியில் மணி அடிக்கும். ஆசிரியர் நாள்தோறும் கேட்பார். வீட்டுப்பாடம் வராவிட்டால் மறுநாளே தெரிந்துவிடும். கல்லூரியில் விரிவுரையாளர் முதல் வாரத்தில் பாட விவரத் தாள் ஒன்றைத் தருகிறார். எந்த வாரத்தில் என்ன பாடம், எந்த இடுபணிக்கு எத்தனை விழுக்காடு, என்றைக்கு ஒப்படைப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். அதன்பின் பெரும்பாலும் எவரும் நினைவூட்டுவதில்லை. பல பாடங்களில் மொத்தப் புள்ளியில் 40 அல்லது 50 விழுக்காடு, சில வேளை அதற்கு மேலும், இறுதித் தேர்வுக்கு முன்பே இடுபணிகளாலும் சிறு தேர்வுகளாலும் முடிவாகிவிடுகிறது. "கடைசியில் கண்விழித்துப் படித்துக்கொள்ளலாம்" என்ற பள்ளிக்கால வழக்கம் இங்கு எடுபடாது.

இழப்பு புள்ளியோடு நிற்பதும் இல்லை. ஒரு பாடத்தை மறுபடி எடுக்க நேர்ந்தால் கட்டணம், அறை வாடகை, பயணச் செலவு எல்லாம் கூடும். பி.டி.பி.டி.என். கடனுதவியில் படிப்பவர் தேர்ச்சியில் சறுக்கினால், கடன் தொகை வருவதிலும் தடங்கல் ஏற்படலாம். ஒரு தாளைத் தவறவிட்டதன் சுமை வீட்டிலுள்ள பெற்றோர் தோளிலும் விழுகிறது.

இனி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மலேசியத் தகுதி முகமையின் விதிப்படி, ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிட வேண்டிய 40 மணி நேர உழைப்பைக் குறிக்கிறது. வகுப்பு, வாசிப்பு, இடுபணி, தேர்வு ஆகிய யாவும் அந்த 40 மணியில் அடங்கும். ஆகவே 3 கிரெடிட் கொண்ட ஒரு பாடத்துக்கு 120 மணி நேரம். வாரம் 3 மணி வகுப்பு, 14 வாரம் என்று கொண்டால் வகுப்பில் கழிவது 42 மணி. மீதி 78 மணி நேரம் நாமே தேடிக் கொடுக்க வேண்டியது. இப்படி ஐந்து பாடங்கள் என்றால் 600 மணி. தேர்வு வாரங்களையும் சேர்த்துப் பருவம் 18 வாரம் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு ஏறத்தாழ 33 மணி நேரம் ஆகிறது. கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். போக வர இரண்டு மணி. ஐந்து நாளில் பத்து மணி. சனி ஞாயிறுகளில் உணவகத்தில் வேலை பார்ப்பவர்களும் உண்டு. இத்தனைக்கும் இடையில் படிப்புக்கு உரிய நேரம் தானாக வந்து நிற்காது. அதை நாம்தான் முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? முதல் வாரத்தின் இறுதியில் ஒரு மாலை நேரத்தை ஒதுக்குவோம். எல்லாப் பாட விவரத் தாள்களையும் மேசைமேல் பரப்பி வைப்போம். ஒரு பெரிய தாளில் பருவத்தின் வாரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எதிரே தேதிகளைக் குறிப்போம். முதலில் பண்டிகைகளையும் வீட்டு நிகழ்ச்சிகளையும் எழுத வேண்டும். பருவம் அக்டோபரில் தொடங்கினால் தீபாவளி, பொங்கல் ஆகியவை அதற்குள் வந்துவிடும். தைப்பூசமும் பெரும்பாலும் தேர்வுக் காலத்தை ஒட்டியே வரும். பத்துமலைக்குக் காவடி எடுக்கப் போகும் குடும்பத்தில் அந்த நாள்களில் கட்டுரை எழுத முடியுமா? முடியாது என்பதை முன்பே ஒப்புக்கொள்வதுதான் திட்டம். பின்னர் எல்லாப் பாடங்களின் ஒப்படைப்பு நாள்களையும் அதே தாளில் எழுதுவோம். பாடத்துக்கு ஒரு தாள் வேண்டாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தாள். பத்தாம் வாரத்தில் மூன்று இடுபணிகள் மோதுகின்றன என்பது அப்பொழுது முதல் வாரத்திலேயே கண்ணில் படும். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு அதைப் படம் பிடித்துக் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளலாம். தேதி ஏதேனும் மாறினால் அன்றைக்கே சுவர்த்தாளில் திருத்திவிட வேண்டும்.

ஒப்படைப்பு நாளை எழுதியதோடு வேலை முடிந்துவிடாது. அது ஒரு வேலையின் கடைசிப் படி. அங்கிருந்து பின்னோக்கிப் படிகளை அமைக்க வேண்டும். பத்தாம் வாரத்து வெள்ளிக்கிழமை கட்டுரை ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று கொள்வோம். ஐந்தாம் வாரத்தில் தலைப்பை முடிவு செய்து விரிவுரையாளரிடம் ஒப்புதல் பெறுவது; ஆறாம் வாரத்தில் நூலகத்தில் நூல்களைத் தேடி எடுப்பது; ஏழில் வாசித்துக் குறிப்பெடுப்பது; எட்டில் முதல் வரைவு; ஒன்பதில் திருத்தம்; பத்தாம் வாரத்துப் புதன்கிழமையே ஒப்படைப்பது. வியாழனும் வெள்ளியும் இணையம் துண்டிக்கப்படுவதற்கும், காய்ச்சல் வருவதற்கும், கணினி பழுதாவதற்கும் விட்டுவைத்த நாள்கள்.

"எனக்கு ஒரு வாரமே போதும்" என்று சொல்பவர்கள் உண்டு. நம் மதிப்பீடு எவ்வளவு பிழைபடும் என்பதைக் கனடா நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மனவியல் அறிஞர்கள் ஆராய்ந்து 1994இல் வெளியிட்டார்கள். இறுதியாண்டு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். மாணவர்கள் சொன்னது சராசரியாக 34 நாள். உண்மையில் ஆனதோ 55 நாளுக்கும் மேல். சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே ஒரு வாரம் போதும் என்று தோன்றினால் பத்து நாளுக்குக் குறையாமல் ஒதுக்குவதே அறிவுடைமை.

அடுத்து, தாள்களை வைக்கும் முறை. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர். நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931இல் நூலாக வெளியிட்டார். வாசகரின் நேரத்தை வீணாக்கலாகாது என்பது அவற்றுள் நான்காவது விதியின் கருத்து. நமது அறையில் நூலகரும் நாமே, வாசகரும் நாமே. இன்று தாளை வைப்பவர் நூலகர். ஐந்து வாரம் கழித்து அதைத் தேடுபவர் வாசகர். பாடத்துக்கு ஒரு கோப்பு, கோப்புக்கு ஒரு நிறம், ஒவ்வொரு தாளின் மேல்மூலையிலும் பாடமும் தேதியும் எழுதுதல்: இவ்வளவுதான் வேண்டும். எங்கே சேர்ப்பது என்று தெரியாத தாள்களுக்குத் தனியாக ஒரு கோப்பு வைத்து, வாரம் ஒருமுறை அதைக் காலி செய்துவிடலாம்.

கணினியிலும் இதே ஒழுங்குதான். "இறுதி", "புதிய இறுதி", "உண்மையான இறுதி" என்று மூன்று கோப்புகள் இருந்தால் எது இறுதி? நாம் முன்பு சொன்ன மாணவி தவறியது இங்கேதான். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முன்னால் போட்டு, பின்னால் பாடத்தின் பெயரையும் இடுபணியின் பெயரையும் எழுதினால், கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிக் காட்டும். கடைசியில் இருப்பதே அண்மையது. நாள் முடிவில் ஒரு படியை இணையச் சேமிப்பிலோ, நமக்கே மின்னஞ்சலாகவோ அனுப்பி வைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகு, போய்ச் சேர்ந்த கோப்பை ஒருமுறை திறந்து பார்ப்பதும், ஒப்படைத்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துவதும் இரண்டு நிமிட வேலை.

கட்டுரை எழுதுவோர் பலர் தடுமாறும் இடம் மேற்கோள். எங்கோ படித்த நல்ல கருத்து குறிப்பேட்டில் இருக்கிறது. எந்த நூல், எந்தப் பக்கம் என்று இல்லை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். அவ்வுரையில் வரும் மேற்கோள்கள் எந்தெந்த நூலைச் சேர்ந்தவை என்று கண்டறிவதற்கு அவர் எத்தனை ஏடுகளைப் புரட்ட வேண்டியிருந்தது என்பதைத் தமிழுலகம் அறியும். பெயர் குறிப்பிடாத ஒரு மேற்கோள், பின்னால் வருபவருக்கு எவ்வளவு உழைப்பு வைக்கிறது பாருங்கள்! நமக்குப் பின்னால் வருபவர் பெரும்பாலும் நாமேதான், அதுவும் ஒப்படைப்புக்கு முந்தின நள்ளிரவில். நூலாசிரியர், நூல், ஆண்டு, பதிப்பகம், பக்கம் ஆகிய ஐந்தையும் முதலில் எழுதிவிட்டு, பிறகே குறிப்பெடுக்கத் தொடங்க வேண்டும். மூலத்தைக் காட்டாமல் பிறர் கருத்தை எழுதினால், நோக்கம் நல்லதாக இருந்தாலும் கருத்துத் திருட்டு என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாக நேரும்.

வகுப்புக் குறிப்புகளை என்ன செய்வது? ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, மனப்பாடம் செய்தவை எவ்வளவு விரைவாக மறைகின்றன என்பதை 1885இல் எழுதினார். மறதி முதல் சில மணி நேரத்தில் மிக வேகமாகவும், பின்னர் மெதுவாகவும் நடக்கிறது என்பது அவர் கண்டது. அவர் மனப்பாடம் செய்தவை பொருளற்ற அசைகளே. பொருள் உணர்ந்து படித்தது இன்னும் சற்று நிலைக்கும். எனினும் பாடம் தெளிவு. வகுப்பு நடந்த அன்றே ஒருமுறை புரட்டினால், தேர்வுக்கு முன் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால், முதல் இருபது நிமிடம் அதற்கு உரியதாகட்டும். நின்றுகொண்டு வர நேர்ந்தால், அன்று கேட்ட மூன்று செய்திகளை மனத்துக்குள் சொல்லிப் பார்க்கலாம்.

இவையெல்லாம் நிலைத்து நடக்க, வாரம் அரை மணி நேரம் வேண்டும். ஞாயிறு மாலை, இரவு உணவுக்கு முன் என்று வைத்துக்கொள்வோம். சுவர்த்தாளைப் பார்த்து, முடிந்ததை அடித்துவிட்டு, வரும் இரண்டு வாரங்களில் என்ன இருக்கிறது என்று கண்டு, திங்கள் முதல் வெள்ளி வரை எந்த நாளில் எந்தப் படி என்று எழுதுவது. குழுவாகச் செய்யும் இடுபணியானால், யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று முதல் கூட்டத்திலேயே எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிட வேண்டும். நட்பு கெடாமல் இருக்கவும் அதுவே வழி.

இவ்வளவு செய்தும் சில வேளை தவறும். வீட்டில் ஒருவருக்கு உடல்நலமில்லை, நமக்கே காய்ச்சல். அப்பொழுது ஒளிந்துகொள்ளக் கூடாது. நம் பிள்ளைகளில் பலர், பெரியவர்களிடம் கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணித் தயங்குகிறார்கள். தவணைக்கு முன்பே, உரிய காரணத்தோடும் மருத்துவச் சான்றோடும் விரிவுரையாளரிடம் சென்று கேட்பது மரியாதைக் குறைவு அன்று, பொறுப்பின் அடையாளம். தவணை கழிந்தபின் சொல்லும் காரணத்தைவிட, அதற்கு முன் சொல்லும் காரணத்துக்கு மதிப்பு அதிகம்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பாடத்தில் உதவ முடியவில்லையே என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை. சுவரில் உள்ள அந்தத் தாளைப் பார்த்து, "இந்த வாரம் என்னம்மா இருக்கிறது?" என்று ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குப் பட்டம் தேவையில்லை.

ஒழுங்கு என்பது பிறவிக் குணம் அன்று. ஒரு தாள், சில கோப்புகள், வாரம் அரை மணி: கையில் பணம் குறைந்தவர்க்கும் எட்டக்கூடியவை இவை. வரும் பருவத்தின் முதல் வாரத்தில் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவிடுவோம். பத்தாம் வாரம் வரும்போது, அதற்கு உரிய வேலையில் பாதி முன்பே முடிந்திருக்கும்.