நாடகப் போட்டிக்குத் தயாராவது எப்படி?



நம் பள்ளியிலிருந்து நாடகப் போட்டிக்கு நாங்கள் ஏழு பேர் போகிறோம். நாடகம்னா வசனத்தை மனப்பாடம் பண்ணி ஒப்பிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது மட்டும் இல்லை.

1. கதை: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கதையை எடுத்தோம். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-ல் டாக்டர் ஆனார். பத்து நிமிடத்தில் முழு வாழ்க்கையையும் காட்ட முடியாது. அதனால் குழந்தைத் திருமணத்தை அவர் எதிர்த்ததை மட்டும் நடிக்கிறோம். 1929-ல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 என்று வைத்தது. எங்களுக்கு இப்போ அதே வயசுதான்! இன்று சட்டப்படி 18.

2. வேடம்: எங்கள் குழுவில் எல்லாரும் பெண்கள். அப்பா, தாத்தா வேடமும் நாங்களே. "பொம்பளப் பிள்ளைக்கு மீசையா?" என்று சிலர் சிரித்தார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) காலத்து பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பையன்கள்தான் பெண் வேடம் போட்டார்கள் என்று தமிழ் ஐயா சொன்னார். அப்போ நாங்கள் மீசை வைத்தால் என்ன தப்பு? மீசைக்குக் கண்மை, நரைக்குப் பவுடர் போதும்.

3. குரல்: ஒருத்தி தூரத்து வேப்ப மரத்தடியில் நிற்பாள். வசனம் கேக்கலைன்னா கையைத் தூக்குவாள். உடனே மறுபடி சொல்ல வேண்டும். கடைசிச் சொல்லை விழுங்கக் கூடாது. பார்ப்பவர்களுக்கு முதுகைக் காட்டக் கூடாது.

4. ஒத்திகை: இதுதான் ரொம்பக் கஷ்டம். சாயங்காலம் நின்றால் பஸ் போய்விடும். கல்யாணப் பெண்ணாக நடிப்பவள் வீட்டில், "படிக்க அனுப்பினா கூத்தாடப் போறியா?" என்று தடுத்துவிட்டார்கள். அவள் இல்லாமல் நாடகமே இல்லை. டீச்சர் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசினார். ஒத்திகையை மதிய இடைவேளைக்கு மாற்றினோம். ஒரு வெள்ளிக்கிழமை அவள் அம்மாவே வந்து உட்கார்ந்து முழுசாப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை தன் கல்யாணப் புடவையை மகளிடம் கொடுத்தனுப்பினார். அதுதான் இப்போ எங்கள் நாடகத்தின் கூறைப் புடவை.

5. ஒற்றுமை: ஒருத்தி வசனத்தை மறந்தால் பக்கத்தில் நிற்பவள் ஒரு கேள்வி கேட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு எல்லார் வசனமும் எல்லாருக்கும் தெரிந்திருக்கணும்.

பரிசு கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டாலும் நம் பள்ளியில் ஒருமுறை நடித்துக் காட்டுவோம். அன்றைக்கு உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்!



- ஒன்பதாம் வகுப்பு மாணவி