ஊரை அளந்த பேராசிரியர்

வயலின் விளைவை நிர்ணயிப்பவை நீரும் எருவும் என்பது குடியானவர் யாவரும் அறிந்ததே. ஆயினும் விளைந்த நெல் எவர் வீட்டுப் பத்தாயத்தைச் சேரும் என்பதைச் சட்டமும் வழக்கமுமே நிர்ணயிக்கின்றன. இதை ஊருக்குள் சென்று அளந்தறியும்படி மாணவர்களுக்குக் கற்பித்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1915-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர்.

இங்கிலாந்தில் ஊர்ப் பொது நிலங்களைப் பாராளுமன்றச் சட்டங்கள் தனியார் வேலிக்குள் அடைத்தபோது சிறு குடியானவர் என்ன ஆயினர் என்பதை ஆராய்ந்து, 1907-இல் அவர் நூல் வெளியிட்டிருந்தார். (இவ்வேலி நம் நில அளவாகிய வேலி அன்று.) இங்கு வந்ததும், விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்களிடம் வினாப்பட்டியல் தந்தார். நிலம் எவருடையது, உழுபவர் எவர், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என அவர்கள் எழுதி வந்தவை 1918-இல் நூலாயின. அந்நூலில் இடம்பெற்ற தஞ்சைச் சீமையின் ஊர் பாலக்குறிச்சி. இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ளது. பேராசிரியர் பி. ஜே. தாமசும் கே. சி. ராமகிருஷ்ணனும் தொகுத்த மறு ஆய்வு 1940-இல் வெளிவந்தது. 1983-லும் 2019-லும் ஆய்வாளர் மீண்டும் அவ்வூருக்குச் சென்றனர்.

இடைக்காலத்தில் நிகழ்ந்த அரசியலை நோக்குவோம். விவசாயிகள் சங்கக் கிளர்ச்சிகளுக்குப் பின், 1952-இல் ராஜாஜி அமைச்சரவை தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஓர் ஊரில் ஒரு வேலிக்கு, அதாவது 6⅔ ஏக்கருக்கு, மேற்பட்ட நிலமுடையோரை அது கட்டுப்படுத்திற்று. குத்தகைதாரருக்கு விளைவில் ஐந்தில் இரண்டு பங்கு கிடைக்க வழி செய்தது. பண்ணையாளைக் காரணமின்றி நீக்குவதைத் தடுத்தது. நல்ல சட்டமே. ஆனால் மிராசுதாரர் பலர் பண்ணையாள் முறையையே கைவிட்டு, அன்றாடக் கூலியாட்களை அமர்த்தினர். அன்றாடக் கூலிக்கோ அச்சட்டத்தின் காப்பு இல்லை. சட்டம் எழுதியவர் எண்ணியது ஒன்று, வயலில் நடந்தது வேறொன்று.

கூலிப் பூசல் தணியவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். அதன் பின்னரே, 1969-இல், கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 2019-ஆம் ஆண்டின் ஆய்வு பாலக்குறிச்சியோடு வெண்மணியையும் சேர்த்துக்கொண்டமை பொருத்தமே.

குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டமும் அதே 1969-இல் பிறந்தது. இருந்தும் டெல்டாவில் வாய்மொழிக் குத்தகை மறையவில்லை. வெள்ளத்தில் பயிர் அழுகிய ஓராண்டில், எங்கள் ஒன்றியத்துக் கிராம சபையில் ஒரு தாய் எழுந்து, "நட்டது நான், நிவாரணம் மட்டும் பட்டாக்காரருக்கா ஐயா?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை.

நில உடைமையாளர், உழுபவர் என இரு பத்திகள் கொண்ட எளிய படிவம் ஒன்றை ஊராட்சிச் செயலர்களிடம் இப்போது தந்திருக்கிறேன். முதலிரண்டு ஊர்களின் தாள்கள் வந்துள்ளன. இரண்டாம் பத்தியில் உள்ள பெயர்களுள் பல, பட்டாப் பதிவேட்டில் காணப்படாதவை.