மூளைத் தூண்டல் சிகிச்சையும் உளச்சிகிச்சையும்

மூளைத் தூண்டல் சிகிச்சை என்பது மின்சாரம் அல்லது காந்தப்புலத்தைக் கொண்டு மூளையின் செயற்பாட்டில் மாற்றம் ஏற்படுத்தி உளநோயைத் தணிக்கும் மருத்துவ முறையாகும். உளச்சிகிச்சை என்பது பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியுடன் திட்டமிட்டு உரையாடி, அவரது எண்ணம், உணர்வு, நடத்தை ஆகியன சீரடைய உதவும் முறையாகும். நோயின் தன்மையையும் கடுமையையும் பொறுத்து இவை தனித்தோ, மருந்துகளுடன் இணைத்தோ அளிக்கப்படுகின்றன.

மின்வலிப்புச் சிகிச்சை

மூளைத் தூண்டல் முறைகளுள் பழமையானது மின்வலிப்புச் சிகிச்சை ஆகும். 1938ஆம் ஆண்டு உரோம் நகரில் உகோ செர்லெட்டி, லூசியோ பினி ஆகிய இத்தாலிய மருத்துவர்கள் இதனை முதன்முதலில் மேற்கொண்டனர். தொடக்க காலத்தில் மயக்க மருந்தின்றி அளிக்கப்பட்டதால் எலும்பு முறிவுகள் நேர்ந்தன. திரைப்படங்களில் "ஷாக் ட்ரீட்மெண்ட்" என்ற பெயரில் இது தண்டனை போலக் காட்டப்படுவதும் மக்களிடையே அச்சம் நிலவக் காரணமாயிற்று.

இன்று நோயாளிக்கு மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் கொடுத்த பின்னரே, தலையில் பொருத்தப்பட்ட மின்முனைகள் வழியாகச் சில நொடிகள் மின்சாரம் செலுத்தப்படுகிறது. இதனால் மூளையில் ஒரு நிமிடத்திற்கும் குறைவான வலிப்பு உண்டாகிறது. பொதுவாக வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை என 6 முதல் 12 முறை அளிக்கப்படும். கடும் மனச்சோர்வு, தற்கொலை நாட்டம், உணவையும் பேச்சையும் மறுத்து உறைந்திருக்கும் நிலை ஆகியவற்றில் இது விரைவில் பயன் தருகிறது. தலைவலி, குழப்பம், நினைவிழப்பு ஆகியன பக்கவிளைவுகளாகும். நினைவிழப்பு பெரும்பாலும் தற்காலிகமானது. எனினும் சிலருக்குச் சிகிச்சைக் காலத்தை ஒட்டிய நினைவுகள் மீளாமற் போவதுண்டு.

காந்தத் தூண்டல்

1985ஆம் ஆண்டு இங்கிலாந்தின் செஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் அவருடைய குழுவினரும் காந்தத் துடிப்புகளால் மூளையைத் தூண்டும் கருவியை உருவாக்கினர். இதற்கு மயக்க மருந்து தேவையில்லை, வலிப்பும் உண்டாக்கப்படுவதில்லை. மனச்சோர்வுக்கு இதனைப் பயன்படுத்த ஐக்கிய அமெரிக்கா 2008இல் ஒப்புதல் அளித்தது. பல வாரங்கள் தொடர்ந்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியிருப்பது இதன் குறைபாடாகும்.

உளச்சிகிச்சையும் குரங்கணித் தீயும்

2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலைப்பகுதியில் மலையேற்றம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய பேரிடரில் உயிர் தப்பியோர், உறவினரை இழந்தோர், மீட்புப் பணியில் ஈடுபட்டோர் ஆகிய அனைவருக்கும் உளப் பாதிப்பு ஏற்படலாம். தீக்காட்சி மனத்தில் மீண்டும் மீண்டும் தோன்றுதல், உறக்கமின்மை, புகை வாசனையைக் கண்டாலே நடுங்குதல் போன்றவை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால், அது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்த நோயாக இருக்கலாம்.

இந்நோய்க்கு மின்வலிப்புச் சிகிச்சை முதன்மை மருத்துவமன்று. அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவு நடத்தைச் சிகிச்சையையும் கண்ணசைவு வழிச் சிகிச்சையையும் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. அறிவு நடத்தைச் சிகிச்சை 1960களில் ஆரன் பெக் வகுத்த முறையிலிருந்து வளர்ந்ததாகும். பாதுகாப்பான சூழலில் அந்நிகழ்வைப் படிப்படியாக நினைவுகூர்ந்து, "என்னால்தான் அவர் இறந்தார்" என்பது போன்ற எண்ணங்களை ஆராய்ந்து பார்க்க நோயாளிக்கு இதில் உதவி கிடைக்கிறது.

இச்சிகிச்சைக்குப் பலமுறை செல்ல வேண்டும். ஏலத்தோட்டக் கூலித் தொழிலாளி ஒருவர் நகருக்குச் சென்று வந்தால் ஒருநாள் ஊதியத்தை இழப்பார். இச்சிக்கலுக்கு ஒரு தீர்வைக் கோவாவில் நடந்த ஆய்வு காட்டியது. மருத்துவர் அல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் பயிற்சி பெற்று, 6 முதல் 8 அமர்வுகளில் அளித்த உளச்சிகிச்சை கடும் மனச்சோர்வைக் குறைத்ததாக 2017இல் வெளியான அவ்வாய்வு தெரிவிக்கிறது.

சட்டம்

2001 ஆகத்து 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். நோயாளிகளின் உரிமைகள் குறித்த விவாதத்தை இது நாடெங்கும் எழுப்பியது. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நோயாளிகளைச் சங்கிலியிடுவதையும், தசைத் தளர்த்தியும் மயக்க மருந்துமின்றி மின்வலிப்புச் சிகிச்சை அளிப்பதையும் தடை செய்கிறது. சிறாருக்கு இச்சிகிச்சை அளிக்கப் பாதுகாவலரின் இசைவும் மனநல ஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

உதவி

2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட "டெலி மானஸ்" சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் ஆலோசனை பெறலாம்.